எந்தச் சாமி சீக்கிரம் கேட்கும்

உலக மதங்களைப் படிக்கிறேன் என்று ஊரில் ஒருவரிடமும் சொல்லியிருக்கக் கூடாது. பி.எட். என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தூத்துக்குடியில் எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் நர்சிங் படிப்பார்கள், பி.எட். படிப்பார்கள், வங்கித் தேர்வுக்குப் படிப்பார்கள். பையன்கள் கப்பலுக்குப் போவதற்கு எதையாவது படிப்பார்கள். மதத்தைப் படிக்க ஒரு துறை இருக்கிறது, உட்கார்ந்து படித்தால் எம்.ஏ. கொடுப்பார்கள் என்பதைப் பாதிப் பேர் நம்பவில்லை. நம்பியவர்கள் நம்பாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா சனிப்பெயர்ச்சி என்றைக்கு என்று கேட்டாள். மாமா ஒருவர் கன்னியர் மடத்தில் சேரப்போகிறேனா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கும் சார், நான் இப்போதும் பூசையில் நன்மை, அதாவது சாமியார் தருகிற அப்பம், வாங்குகிறேனா என்று அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். அம்மா வீட்டுக்கு வந்து என்னை விசாரித்தாள்.

பல்கலைக்கழகத்திலாவது நிம்மதி உண்டா என்றால் அங்கே வேறு மாதிரித் தலைவலி. மதுரைப் பக்கம் இருந்த அந்தத் துறையில் நாங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். பேராசிரியர் முதல் நாளே எங்களை மதவாரியாக மனதில் அடுக்கிவிட்டார். நான் கிறிஸ்தவம். ஐந்நூறு வருடமாகக் கத்தோலிக்கர்களாக இருக்கிற கடற்கரைச் சனத்தில் பிறந்தவள் என்பதால் திருச்சபையின் மொத்தக் கொள்கையும் என் கைப்பையில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். எழுப்பி நிறுத்தி மூவொரு கடவுளை விளக்கச் சொன்னார். எனக்கு மூச்சுவிடாமல் செபமாலை சொல்லத் தெரியும், அவ்வளவுதான். நான் எதைச் சொன்னாலும், எங்கள் மாவட்டத்து நாசரேத்திலிருந்து வந்த புராட்டஸ்டண்ட் தோழி அதிகாரம் வசனம் சொல்லித் திருத்துவாள். அவளும் கிறிஸ்தவம்தானே, அவளையே கேளுங்கள் சார் என்றேன். அவள் துணைப்பிரிவு என்றார். அதற்கு அவள் என்னிடம் கோபித்துக்கொண்டாள், அவரிடம் அல்ல.

கடைசிப் பருவத்துக்கு ஆய்வேடு எழுத வேண்டும். நான் எடுத்தது வேண்டுதல். சுலபமாக இருக்கும் என்று எடுத்தேன், எங்கள் வீட்டில் அது ஒன்றுக்குத்தான் குறைவே கிடையாது. பேராசிரியர் அதை ஐந்து பெட்டிகளாகப் பிரித்துக் கொடுத்தார். கேட்பது, நேர்ந்துகொள்வது, நன்றி சொல்வது, பரிகாரம் செய்வது, துதிப்பது. உலகத்தில் எந்த மனிதன் எந்தக் கடவுள் முன்னால் போய் நின்றாலும் இந்த ஐந்தில் ஒன்றில் அடங்கிவிடுவான் என்றார். ஆய்வாளர் தள்ளி நிற்க வேண்டும் என்பது அவருடைய இன்னொரு பாடம். எவ்வளவு தள்ளி என்று மட்டும் அவர் சொன்னதே இல்லை.

என் படிப்பைப் பற்றி உருப்படியாகக் கேள்வி கேட்டது உலகத்திலேயே ஒரே ஆள், என் தம்பி. அவன் ஒரு சின்னச் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். கப்பல் யாருடையது, எந்த நாட்டுக் கொடி என்று கேட்டால் அவனுக்கே நிச்சயமாகத் தெரியாது. கரைப் பக்கம் வந்து சிக்னல் கிடைத்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவான். பின்னால் இயந்திரம் இரைந்துகொண்டே இருக்கும். கூட இருக்கிற எகிப்துக்காரர் நோன்பு வைத்துக்கொண்டு அந்த வெயிலில் எப்படி டெக் கழுவுகிறார் என்று கேட்பான். பிலிப்பைன்ஸ்காரர் நம் மாதாவைத்தான் கும்பிடுகிறார், ஆனால் பாட்டு வேறு மாதிரி இருக்கிறதே என்பான். கடைசியாக வந்த பதிவு சமையல்காரரைப் பற்றியது.

“எக்கா, எங்க குக்கு பர்மாக்காரரு. தெனம் மொதச் சோத்தப் புத்தருக்கு வச்சிட்டுத்தான் எங்களுக்குப் போடுதாரு. புத்தரு சாமியே இல்லன்னுதான நீ சொன்ன. பெறவு எதுக்கு அவருக்குச் சோறு?”

நல்ல கேள்வி. விடுதி மொட்டைமாடியில் நின்று நீளமாகப் பதில் பேசி அனுப்பினேன். அது போய் ஒற்றை டிக்கில் நின்றது. மறுநாளும் ஒற்றை டிக். அடுத்த வாரமும் ஒற்றை டிக். இன்னொரு டிக் விழவே இல்லை.

முதலில் சிக்னல் இல்லை என்று சொல்லிக்கொண்டோம். பிறகு மும்பையில் இருக்கும் ஏஜென்ட், கப்பலோடு தொடர்பு விட்டுப்போயிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றான். அவன் பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்ன அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் பயந்தோம். கூட வேலை பார்க்கிற ஒருவரின் வீட்டிலிருந்து, சம்பளம் கொடுக்காமல் முதலாளி கப்பலைக் கைவிட்டுவிட்டாராம் என்று ஒரு தகவல் வந்தது. எங்கே விட்டார், ஆட்கள் என்ன ஆனார்கள் என்பது அவர்களுக்கும் தெரியவில்லை. ஆய்வேட்டை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு நான் ஊருக்கு வந்துவிட்டேன்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெரிந்த இந்தி அவ்வளவையும் வைத்துக்கொண்டு காலையில் ஆரம்பித்தால் ஏஜென்டுக்கு அடித்துக்கொண்டே இருப்பார். ஹலோ, கப்பல் கிதர், மேரா பேட்டா கிதர் என்பார். அந்தப் பக்கம் கல், கல் என்பான். நாளைக்கு என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லை எங்கள் வீட்டில் எல்லோரும் கற்றுக்கொண்டோம்.

அம்மா போன் பக்கமே போகவில்லை. அவளுடைய ஏஜென்டுகள் வேறு. ஊர்க் கோயிலில் மாதாவுக்கு நவநாள் செபம் தொடங்கினாள். உவரிக்குப் போய் அந்தோனியாருக்கு உப்பும் மிளகும் போட்டாள். ஆத்தங்கரைப் பள்ளிவாசலில் சர்க்கரை வைத்து ஓதி வாங்கிக்கொண்டு வந்தாள். போனிலேயே ஜெபிக்கிற ஒரு ஊழியக்கார அம்மாவைப் பக்கத்து வீட்டு அக்கா பிடித்துக் கொடுக்க, அவர் ஜெபித்து முடிக்கும்வரை ஸ்பீக்கரைப் போட்டு வைத்துக்கொண்டு கருவாட்டுக்குக் கத்தரிக்காய் நறுக்கினாள். ஒரு மாதத்துக்குள் அவள் நேர்ந்துகொண்டதை எல்லாம் நிறைவேற்ற வேண்டுமென்றால் தம்பி வந்தபிறகு மூன்று வருடம் வேறு வேலை பார்க்க முடியாது.

இதெல்லாம் என் கண் முன்னால் நடந்தது. மனசு பாட்டுக்குப் பெட்டி பெட்டியாகப் பிரித்துக்கொண்டே இருந்தது. உப்பு மிளகு இரண்டாவது பெட்டி, சர்க்கரை முதல் பெட்டியா இரண்டாவதா என்று. அதை நிறுத்தவும் தெரியவில்லை. என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் போன் செய்தார். தம்பி விஷயத்தைச் சொன்னேன். வருத்தமாக இருக்கிறது என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார், அதில் சந்தேகமில்லை. பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, உங்கள் அம்மா வைக்கிற வேண்டுதல்களை எல்லாம் தேதி போட்டுக் குறித்து வையுங்கள், ஒரு ஆய்வாளருக்கு இப்படி ஒரு வாய்ப்பு அமையாது என்றார். நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு முறை அடித்தார். எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அடுப்படியில் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏளா, நீ எல்லாச் சாமியையும் படிச்சிருக்கல்லா. எந்தச் சாமி சீக்கிரம் கேக்கும், அத மட்டும் சொல்லு.”

நான் சொன்னேன், அப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று. மதங்களை ஒப்பிடுவது என்றால் எது பெரிசு, எது வேகம் என்று பார்ப்பது அல்ல என்றேன். ஒவ்வொரு மதத்திலும் வேண்டுதலுக்கு வேறு வேறு பொருள் இருக்கிறது, சிலவற்றில் கேட்பதற்கு ஒருவரே கிடையாது என்று புத்தரைக்கூட இழுத்தேன். படித்ததை எல்லாம் கொட்டினேன். அம்மா கேஸைப் பற்றவைத்தாள், உலையை ஏற்றினாள், அரிசியைக் களைந்து போட்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் திரும்பிப் பார்த்தாள்.

“ஒனக்குத் தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லு. அதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தெரியாது என்று சொல்வதற்கா ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்தேன். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியும்போதே அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நின்றாள். கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியம், ரவிக்கைக்குள் செபமாலை. திருச்செந்தூருக்குப் போகிறோம், புறப்படு என்றாள். முருகனிடமும் நேரப்போகிறாயா என்று கேட்டேன். நேர்வதற்கு இல்லை என்றாள். எல்லாரிடமும் கேட்டாயிற்று, இனிக் கேட்க ஒன்றும் இல்லை, மாப்பிள்ளையைப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டு வரவேண்டும் என்றாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். தெய்வானை எங்கள் சனத்துப் பெண் என்று ஒரு கதை. அதனால் திருச்செந்தூர் முருகன் எங்களுக்கு மாப்பிள்ளை. என் வயதுக்காரர்கள் மச்சான் என்பார்கள். ஒரு காலத்தில் அந்தத் தேர் வடத்தை முதலில் தொடுகிற உரிமை எங்களுக்குத்தான் இருந்தது என்று சொல்லிப் பெருமைப்படாத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. சொல்கிற அத்தனை பேரும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்கள். நானும் இதை வைத்து இரண்டாம் பருவத்தில் ஒரு கட்டுரை எழுதி, அடிக்குறிப்பு எல்லாம் போட்டு, நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் இதற்காகப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்கள் என்று அந்தக் கட்டுரையில் எழுதவில்லை.

பஸ்ஸில் விட்டேனா. அது வெறும் கதை என்றேன். சரித்திர ஆதாரம் கிடையாது என்றேன். அப்படியே இருந்தாலும் நாம் ஞானஸ்நானம் வாங்கி எத்தனை தலைமுறை ஆயிற்று, இப்போது போய் அவரிடம் என்ன உரிமை என்றேன். முன் சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடிதான் பதில் சொன்னாள்.

“மதம் மாறுனா சம்பந்தம் அத்துப் போவுமா? நல்லாப் படிச்ச போ.”

ஆத்தூர் வந்ததும் திடீரென்று எழுந்து இறங்கிவிட்டாள். வெற்றிலை வாங்க வேண்டுமாம். எதற்கு என்றேன். சண்டைக்கே போனாலும் பெண் வீட்டுக்காரர்கள் வெறுங்கையோடு போக முடியாது என்றாள். திருச்செந்தூரில் வெற்றிலை விற்காதா என்றேன். ஆத்தூர் வெற்றிலை இருக்கும்போது வேறு வெற்றிலை கொண்டுபோனால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றாள். யார் நினைப்பார்கள் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கடைக்கார அண்ணாச்சி கட்டிக் கொடுத்த வெற்றிலைக் கவுளியை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு, வெயிலில் அடுத்த பஸ்ஸுக்கு நின்றோம். வந்த பஸ்ஸில் உட்கார இடமில்லை. சாகுபுரம் தாண்டும்வரை தொழிற்சாலை வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் படிப்பையும் பேராசிரியரையும் மும்பை ஏஜென்டையும் மாற்றி மாற்றி மனதுக்குள் வைதுகொண்டு வந்தேன்.

கோயிலில் கூட்டம் என்றால் கூட்டம். இலவச தரிசனத்துக்கு வரிசை கொட்டகையைச் சுற்றி வளைந்து போயிருந்தது. வரிசையில் போய் நிற்போம் என்றேன். பெண்ணைக் கொடுத்தவர்கள் வரிசையில் நிற்பதா என்றாள். சரி, அப்படியானால் டிக்கெட் எடுப்போம் என்றேன். மாப்பிள்ளையைப் பார்க்க டிக்கெட்டா என்றாள். உள்ளேயே போக வேண்டாமாம். சம்பந்தி வீட்டு நடுவீட்டில் நின்று சண்டை போடக் கூடாது, வாசலோடு கேட்டுவிட்டு வந்துவிட வேண்டுமாம். கடற்கரைப் பக்கம் கோபுரம் தெரிகிற மாதிரி ஓர் இடத்தில் போய் நின்றாள். மொட்டை போட்டவர்கள், கடலில் குளித்து ஈரத்தோடு வருகிறவர்கள், பஞ்சாமிர்தம், பொம்மைக் கடை எல்லாம் எங்களை இடித்துக்கொண்டு போயின.

அம்மா வெற்றிலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கோபுரத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை முயன்றாள். இத்தனை நாள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், உப்பு மிளகு, சர்க்கரை, மெழுகுவர்த்தி என்று ஓடிக்கொண்டே இருந்தவள், வீட்டிலிருந்து சேர்த்து வைத்துக்கொண்டு வந்த பேச்சு அத்தனையும் தொண்டையில் நின்றுபோய், வாயைத் திறந்தபடி நின்றாள். ஈரத்துணியிலிருந்து அவள் பட்டுச்சேலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. யார் மேல் கோபம் என்றே தெரியாத ஒரு கோபம் மொத்தமாக வந்தது. நான் அவளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.

“மச்சான், எங்க வீட்டுல பொண்ணெடுக்க மட்டும் ஒமக்குத் தெரிஞ்சுதுல்லா? எங்க வீட்டுப் பயல நடுக்கடல்ல போட்டுட்டு, நீரு இங்கன மாலையும் கழுத்துமா நிக்கீரு. ஒரு வார்த்த தகவல் சொல்ல ஆளில்ல. எங்கம்மா ஊரு ஊராப் போயி பிச்ச எடுக்கா. நல்லாருக்கா இது? கட்டுன பொண்டாட்டிக்கு என்ன பதில் சொல்லப் போறீரு?”

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. மீன் ஏலத்தில் கேட்கிற குரல். பக்கத்தில் போனவர்கள் நின்றார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு வயதான அம்மா என் பக்கத்தில் வந்து, இன்னும் நாலு சேர்த்துக் கேள் தாயி என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். நான் சேர்த்துக் கேட்கத்தான் இருந்தேன். அம்மா என் கையைப் பிடித்தாள்.

“போதும். மாப்பிள்ளைய அதுக்கு மேல பேசப்படாது.”

வெற்றிலையை வாசலில் நின்ற ஒருவரிடம், உள்ளே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள் என்று கொடுத்தாள். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டும் என்று அவர் கேட்டார். பெண் வீட்டுக்காரர்கள் என்று சொல்லுங்கள் என்றாள். அவர் சரி என்று தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் போனை எடுத்துப் பார்த்தேன். என் டிக் அப்படியே ஒற்றையாக இருந்தது.

ஆய்வேட்டை ஆத்திரத்தோடு எழுதி முடித்தேன். ஐந்து பெட்டிகளையும் நிரப்பினேன். கடைசியில் திருச்செந்தூரில் நடந்ததைத் தனியாக ஒரு பக்கம் எழுதி, எதிலும் சேர்க்காமல் விட்டேன். பேராசிரியர் அந்தப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையால் இது எந்த வகை என்று எழுதித் திருப்பி அனுப்பினார். நானும் அப்படியே திருப்பி அனுப்பினேன். வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்தபோது நான் போகவில்லை என்றேன். இங்கே இருந்து என்னத்தைக் கிழிக்கப் போகிறாய், போ என்றாள் அம்மா.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு பெண், பொறுமையானவர். நேராக அந்தப் பக்கத்துக்குத்தான் வந்தார். அந்த இடத்தில் நான் ஆய்வாளராக நின்றேனா, அல்லது ஒரு பக்தையாக நின்றேனா என்று கேட்டார். இரண்டும் தவறில்லை, ஆனால் எது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றார். பேராசிரியர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். முதலாவதைச் சொல், தப்பித்துக்கொள் என்று அர்த்தம்.

“கொழுந்தியாளா நின்னேன் மேடம்.”

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். பேராசிரியர் மின்விசிறியைப் பார்த்தார். சரி, போகலாம் என்றார்கள். தேறினேனா இல்லையா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, அணைத்து வைத்திருந்த போனை உயிர்ப்பித்தேன். அம்மாவிடமிருந்து வரிசையாக விட்டுப்போன அழைப்புகள். திரும்ப அடிப்பதற்குள் அவளே அடித்துவிட்டாள்.

தம்பி பேசினானாம். ஏதோ ஒரு நாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே அவர்களை நிறுத்தி வைத்த இடத்தில் எண்ணெய் தீர்ந்து, கரண்ட் இல்லாமல், போன் செத்துப்போய்க் கிடந்திருக்கிறார்கள். இப்போது அந்த நாட்டுக்காரர்கள் கரையில் இறக்கிச் சாப்பாடு போட்டு வைத்திருக்கிறார்களாம். இளைத்துப் போயிருக்கிறானாம். வந்துவிடுவானாம். இதை அவள் அழாமல், மூச்சுவிடாமல், சாமான் பட்டியல் சொல்கிற மாதிரிச் சொன்னாள். நான்தான் அழுதேன். படிக்கட்டில் ஏறி இறங்குகிற பிள்ளைகள் எல்லாம் நான் பரீட்சையில் தோற்றுவிட்டதாக நினைத்துப் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

என்னை அழவாவது விட்டாளா. அவள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள். மாதா, அந்தோனியார், ஆத்தங்கரை, எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறது, ஒவ்வோர் இடமாகப் போய்ச் செலுத்த வேண்டும். திருச்செந்தூர் கடைசியில்தான், கோபித்துக்கொண்டு வந்துவிட்டு உடனே போய் நின்றால் பெண் வீட்டுக்கு மதிப்பு இருக்காது. ஆனால் முதலில் கேட்டது யார் என்று தெரிந்தால்தானே முதலில் அங்கே போக முடியும்.

“நீ படிச்சவல்லா. சொல்லு, எந்தச் சாமி கேட்டுச்சு?”

எனக்குப் பழைய எரிச்சல் அப்படியே வந்தது. ஒப்பிடுவது என்றால் என்ன என்று மறுபடியும் ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். போனைக் காதிலிருந்து எடுத்து, தம்பிக்கு நான் அனுப்பியிருந்த அந்தப் பழைய பதிலைப் பார்த்தேன். பக்கத்தில் இரண்டு டிக், நீலமாக. புத்தருக்கு எதற்குச் சோறு என்று நான் அவ்வளவு நீளமாகச் சொன்ன விளக்கத்தை அவன் கேட்டிருக்கிறான். என்ன விளக்கம் சொன்னேன் என்று எனக்கு ஒன்றும் நினைவு வரவில்லை.

“தெரியாதும்மா” என்றேன்.

“இப்பமாவது சொன்னியே” என்றாள் அம்மா.